வாண்டுகளோடு பனிமலைக்கு: வாசகர் கேள்வி-பதில்

காஷ்மீர், இமாசலப் பனிச்சறுக்குத் தலங்களுக்குக் குழந்தைகளைக் கூட்டிப் போவது பற்றி மதுரை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் உள்ள வீடுகளின் கேள்விகளுக்கு இந்த முறை பதில் தருகிறோம்.

எங்களுக்கு இரண்டே கால் வயதில் மகள், நாலு வயதில் மகன். பொங்கல் லீவில் பனி பார்க்கப் போகலாம் என்று இருக்கிறோம். குல்மார்க், மணாலி, ஔலி என்று மூன்று இடம் சொல்கிறார் ஏஜென்ட். எது சரிப்படும்?
— வாசகி, திருமங்கலம்

குல்மார்க் சரிப்படும், ஆனால் பொங்கலுக்கு வேண்டாம். டிசம்பர் 21-ல் தொடங்கும் 40 நாளைக் காஷ்மீரில் ‘சில்லாய் கலான்’ என்பார்கள். வருஷத்திலேயே கொடுங்குளிர் அப்போதுதான். பொங்கல் சரியாக அதன் நடுவில் விழுகிறது. அந்த நாட்களில் குல்மார்க்கில் இரவு மைனஸ் 5, மைனஸ் 10 டிகிரி சாதாரணம். பகலும் குறுகியது. மாசி பாதியில், அதாவது பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் நடு வரை போனால் தரையில் பனி கனமாகவே இருக்கும், வெயிலும் நன்றாக அடிக்கும். எல்.கே.ஜி. பையனுக்கு ஒரு வாரம் லீவு போட்டால் ஒன்றும் குடிமுழுகாது.

மற்ற இரண்டை ஏன் தள்ளுகிறோம் என்றால், முதலில் சாலை. டெல்லியிலிருந்து மணாலி 500 கிலோமீட்டருக்கு மேல். 12 மணி நேரமாவது காரிலோ பஸ்ஸிலோ உட்கார வேண்டும். அங்கிருந்து 13 கிலோமீட்டரில் இருக்கும் சோலாங்கில் எல்லா நாளும் பனி இருக்கும் என்று சொல்ல முடியாது. இல்லாத நாளில் அடல் சுரங்கப்பாதை வழியாக மறுபக்கம் சிஸ்ஸுவுக்குக் கூட்டிப்போவார்கள். அது சுமார் 3,100 மீட்டர் உயரம். உத்தராகண்டில் இருக்கும் ஔலிக்கு, ரிஷிகேஷிலிருந்து அதன் அடிவார ஊரான ஜோஷிமட் வரையே 250 கிலோமீட்டர் மலைப்பாதை. 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் அமிழ்ந்தபோது ஔலிக்குப் போகும் ரோப் கார் நிறுத்தப்பட்டது. அது ஓடுகிறதா என்று விசாரிக்காமல் அந்தப் பக்கம் டிக்கெட் எடுக்காதீர்கள்.

குல்மார்க்குக்கு விமானம் ஸ்ரீநகர் வரை போகிறது. அதற்கு மேல் 50 கிலோமீட்டர்தான். கடைசி 13 கிலோமீட்டர், தங்மார்க்கிலிருந்து ஏற்றம். பனி விழுந்திருந்தால் டயரில் சங்கிலி மாட்டிய வண்டியோ ஃபோர் வீல் டிரைவோதான் மேலே போகும். அங்கே வண்டி மாற்ற ஒரு மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமானது ஏறும் விதம். மதுரை கிட்டத்தட்டச் சமவெளி. ஸ்ரீநகர் சுமார் 1,585 மீட்டர், குல்மார்க் சுமார் 2,650 மீட்டர். விமானத்திலிருந்து இறங்கிய அன்றே குல்மார்க் ஓட வேண்டாம். ஸ்ரீநகரில் இரண்டு இரவு தங்கி, மூன்றாம் நாள் மேலே போங்கள். முதல் தடவை காலையில் போய் மாலையில் ஸ்ரீநகருக்கே இறங்கிவிடுங்கள். பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினால், அடுத்த நாள் குல்மார்க்கில் ஒரு இரவு தங்கலாம். உயரத்தால் வரும் கோளாறு மேலே போய்ச் சேர்ந்து நாலு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் தலைகாட்டும். பகலில் போய்த் திரும்பினால் அதற்கு இடம் குறைவு. திரும்பும்போது டெல்லியில் ஒரு நாள் உபரியாக இருக்கட்டும். பனியால் ஸ்ரீநகர் விமானமும் மூடுபனியால் டெல்லி விமானமும் ரத்தாவது ஒவ்வொரு குளிர்காலத்திலும் நடப்பதுதான்.

பச்சப்புள்ளையைப் பனிக்குள்ள கொண்டு போனா நெஞ்சுச்சளி பிடிச்சுக்கும் என்று என் மாமியார் பிடிவாதமாகச் சொல்கிறார். ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தாலே கோபிப்பார். அவர் சொல்வதில் உண்மை உண்டா?
— வாசகி, மேலூர்

பாதி உண்டு. சளி வைரஸால் வருவது. பனியோ ஐஸோ நேரடியாகச் சளியைக் கொடுக்காது. ஆனால் குளிர்ந்த வறண்ட காற்றில் மூக்கின் உள்சவ்வு காய்ந்துவிடும், கிருமி நுழைவது சுலபமாகிறது. போதாததற்கு விமானம், கேபிள் கார், ஜன்னல் சாத்திய ஓட்டல் அறை என்று எல்லாமே அடைத்த இடங்கள். இருமுகிற இடத்திலிருந்து பிள்ளையைத் தள்ளி வைப்பதும், கை கழுவுவதும், மூக்கில் சலைன் சொட்டு விடுவதும்தான் அங்கே கவசம்.

ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டு போவது நல்லது. ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குப் போடலாம்; முதல் முறை என்றால் நாலு வார இடைவெளியில் இரண்டு டோஸ். பலன் வர இன்னும் இரண்டு வாரம். ஆகவே கிளம்ப ஆறு வாரம் முன்பே குழந்தை மருத்துவரைப் பாருங்கள். இழுப்பு உள்ள குழந்தை என்றால் இன்ஹேலரும் ஸ்பேசரும் கைப்பையில் இருக்க வேண்டும். பிறவி இதயக் கோளாறு, குறைமாதப் பிறப்பில் நுரையீரல் பாதிப்பு, கடும் ரத்தசோகை, டவுன் சிண்ட்ரோம் இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவர் சரி என்று சொல்லாமல் இந்த உயரத்துக்குக் கூட்டிப் போகக் கூடாது.

கிளம்பும் நாளில் காய்ச்சலோ கெட்டியான சளியோ இருந்தால் மாமியார் பேச்சைக் கேளுங்கள், பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். சளி பிடித்த நெஞ்சோடு உயரத்துக்குப் போகும் குழந்தைக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்து கூடுதல்.

மூன்று வயதுப் பையனுக்கு என்னென்ன உடுப்பு வாங்க வேண்டும்? இங்கே கிடைக்கும் ஸ்வெட்டர், மங்கி குல்லா போதாதா?
— வாசகர், கே.கே. நகர், மதுரை

ஸ்வெட்டர் போதாது, ஆனால் வீணும் இல்லை. அது நடு அடுக்கு. அதற்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றும் வேண்டும்.

உள்ளே உடம்பை ஒட்டிய தெர்மல், மேலும் கீழும். பருத்தி பனியன் கூடவே கூடாது. வாண்டு பத்து நிமிடம் ஓடினால் வியர்க்கும். பருத்தி அந்த ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு, அவன் நின்றதும் உடம்புச் சூட்டை உறிஞ்ச ஆரம்பிக்கும். நம்மூர் வெயிலுக்கு எது வரமோ அதுவே அங்கே கெடுதல். நடுவில் ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கை இழைத் துணி) அல்லது கம்பளி ஸ்வெட்டர். வெளியே தண்ணீர் புகாத, மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த ஸ்னோ சூட். ஜெர்கினும் பேன்ட்டும் தனித்தனியாக இருந்தால் பனியில் உட்கார்ந்து எழும்போது இடுப்பு வழியாகப் பனி உள்ளே போகும். அங்கே வாடகைக்குக் கோட்டும் கம்பூட்டும் கிடைக்கும். பெரியவர்கள் அதை வைத்துச் சமாளிக்கலாம்; குழந்தைக்குச் சொந்தமாக வாங்கிவிடுங்கள்.

கைக்கு ஐந்து விரல் கையுறை வாங்காதீர்கள். விரல்கள் ஒன்றாகக் கிடந்தால்தான் ஒன்றுக்கொன்று சூடு கொடுக்கும், ஆகவே கட்டைவிரல் மட்டும் தனியாக உள்ள மிட்டன் வாங்குங்கள். இரண்டு ஜோடி வேண்டும். ஒரு நூலால் இரண்டையும் இணைத்துச் சட்டைக் கைக்குள் விட்டுவிட்டால் தொலையாது. வாங்கியதும் பாத்ரூம் குழாயடியில் ஐந்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். உள்ளே நனைந்தால் அது பனிக்கு ஆகாது.

பூட்ஸில் கால்விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும். குளிருமே என்று இரண்டு சாக்ஸைத் திணித்து மாட்டினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் முன்பைவிடச் சீக்கிரம் சில்லிடும். கம்பளி சாக்ஸ் ஒன்று போதும். மாற்றுக்கு மூன்று ஜோடி பையில் இருக்கட்டும். மங்கி குல்லா நல்ல குல்லா, தாராளமாக எடுத்துப் போங்கள். மூச்சின் ஈரத்தால் வாய்ப்பக்கம் நனைந்ததும் மாற்றிவிடுங்கள். நீள மஃப்ளர் வேண்டாம், பனியில் இழுத்துப் போகும் பலகையான ஸ்லெட்ஜிலோ கேபிள் கார் கதவிலோ சிக்கினால் கழுத்தை இறுக்கும்.

போதுமான உடுப்பா என்று பார்க்கக் கையையும் கன்னத்தையும் தொடாதீர்கள், அவை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பின்கழுத்துக்குள் விரலை விடுங்கள். கதகதப்பாக, உலர்ந்து இருந்தால் சரி. பிசுபிசுத்தால் ஒரு அடுக்கைக் கழற்றுங்கள். சில்லிட்டிருந்தால் உடனே உள்ளே கூட்டிப் போங்கள்.

போவதற்கு முன் கொடைக்கானலில் ஒரு சனி, ஞாயிறு ஒத்திகை பாருங்கள். கொடைக்கானல் சுமார் 2,130 மீட்டர். கிட்டத்தட்ட மணாலியின் உயரம். விடியற்காலையில் ஏரிக்கரையில் முழு உடுப்போடு அரை மணி நேரம் விளையாட விடுங்கள். மாட்டிவிட எத்தனை நிமிடம் ஆகிறது, எந்த ஜிப் கழுத்தில் குத்துகிறது, ஒண்ணுக்கு வந்தால் எவ்வளவு வேகமாகக் கழற்ற முடிகிறது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துபோகும். வத்தலக்குண்டு ஏற்றத்தில் பிள்ளை வாந்தி எடுக்கிறதா என்பதும் தெரியும்.

குழந்தையை முன்னால் கேரியரில் கட்டிக்கொண்டு பனியில் நடக்கலாமா? ஒன்றேகால் வயது.
— வாசகர், திருப்பரங்குன்றம்

கொஞ்ச தூரம் நடக்கலாம். நடக்கிற உங்களுக்கு வியர்க்கும். அசையாமல் தொங்குகிற குழந்தைக்கு அதே நேரத்தில் குளிர் ஏறிக்கொண்டிருக்கும். கேரியரின் விளிம்பு தொடையை அழுத்துவதால் பாதத்துக்கு ரத்தம் குறைவாகப் போகும். கேரியரில் நெடுநேரம் இருந்த குழந்தைகளின் கால்விரல் குளிரில் பாதிக்கப்பட்டது உண்டு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாதத்தைத் தொட்டுப் பாருங்கள், இருபது நிமிடத்தில் இறக்கிவிட்டு நடக்கவோ தவழவோ விடுங்கள்.

இந்தப் பகுதியில் வரும் பாதிக் கேள்விகளுக்கு இது ஒன்றே அடிப்படை: ஓடியாடும் குழந்தைக்குக் குளிர் சீக்கிரம் ஏறாது, உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு ஏறும். சின்ன உடம்பில் எடைக்கு மேற்பரப்பு அதிகம், சூடு வேகமாகப் போகும். குதிரை, ஸ்லெட்ஜ், கேபிள் கார், கேரியர் எல்லாமே குழந்தையை அசையாமல் உட்கார வைப்பவை. காசு கொடுத்துச் செய்கிற காரியம் ஒன்று என்றால், காசில்லாமல் பனியில் புரண்டு விளையாடுவது மூன்று பங்கு இருக்கட்டும். காலை பத்தரை முதல் பிற்பகல் இரண்டரைக்குள், இருபது முப்பது நிமிடம் வெளியே, பிறகு அதே அளவு நேரம் உள்ளே. ஒரு நாளைக்கு மூன்று சுற்று போதும். காற்று பலமாக வீசினால் அன்று அறைக்குள்ளேயே இருங்கள்.

குல்மார்க் கேபிள் காரில் இரண்டாம் கட்டம் வரை ஏறினால்தான் பார்த்த மாதிரி என்கிறார்கள். மூன்று வயது மகளோடு போகலாமா?
— வாசகர், உசிலம்பட்டி

முதல் கட்டத்தோடு இறங்கிவிடுங்கள். முதல் கட்டம் முடியும் கொங்தூரி சுமார் 3,080 மீட்டர். நலமாக இருக்கும் குழந்தை, ஸ்ரீநகரில் இரண்டு இரவு தங்கி வந்திருந்தால், அங்கே ஒரு மணி நேரம் இருக்கலாம். இரண்டாம் கட்டம் அபர்வத் மலையில் சுமார் 3,980 மீட்டருக்குக் கொண்டு போகும். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன் மதுரையில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம்தான். சில நிமிடங்களில் அவ்வளவு உயரம் ஏறினால் உடம்புக்குப் பழக அவகாசமே இல்லை. காற்றடித்தால் கேபிள் காரை நிறுத்துவார்கள். மேலே வரிசையில் காத்திருக்க நேரிடும்.

பெரியவருக்குத் தலை வலித்தால் சொல்வார். மூன்று வயதுக் குழந்தை சொல்லாது. காரணமில்லாத சிணுங்கல், சாப்பாட்டை ஒதுக்குவது, வாந்தி, விளையாடாமல் சுருண்டு படுப்பது, இரவில் தூங்காமல் புரள்வது இவையே அறிகுறிகள். உயரத்துக்கு வந்த பிறகு இப்படி ஆனால், வேறு காரணம் உறுதியாகத் தெரியும் வரை உயரம்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஏறாதீர்கள், சரியாகாவிட்டால் ஸ்ரீநகருக்கு இறங்குங்கள். சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குவது, உதடு நீலம் பாய்வது, தட்டி எழுப்பினாலும் மந்தமாக இருப்பது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதற்கு முதல் மருந்து இறங்குவதுதான்.

நாலு வயது மகனுக்குப் பனிச்சறுக்கு கற்றுத் தரலாமா?
— வாசகி, வாடிப்பட்டி

விளையாட்டாக அறிமுகம் செய்யலாம். வெளிநாட்டுப் பள்ளிகளில் மூன்று, நாலு வயதில் ஆரம்பிக்கிறார்கள். குல்மார்க்கில் 1968 முதல் மத்திய அரசின் பனிச்சறுக்குப் பயிற்சி நிலையம் இருக்கிறது, ஆனால் அதன் பல நாள் பயிற்சிகள் இந்த வயதுக்கானவை அல்ல. தனிப் பயிற்சியாளரைத்தான் அமர்த்த வேண்டும்.

பணம் கொடுக்குமுன் பூட்ஸைக் கேளுங்கள். பனிச்சறுக்கு பூட்ஸின் அளவு, பாதத்தின் நீளம் சென்டிமீட்டரில். பையன் பாதத்தைச் சுவரோடு ஒட்டி அளந்து குறித்துப் போங்கள். 16 என்றால் 16 அல்லது 16.5 வேண்டும். பெரிய பூட்ஸில் பஞ்சு திணித்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உள்ளே கால் நழுவினால் பூட்ஸில் மாட்டிய சறுக்குக் கட்டை திரும்பாது, முழங்கால்தான் திருகும். கட்டை அவன் நெஞ்சுக்கும் தாடைக்கும் இடைப்பட்ட உயரம். கைக்கோல் வேண்டாம். ஹெல்மெட்டை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள், வாடகை ஹெல்மெட் சின்னத் தலையில் ஆடும்.

தட்டையான இடத்தில் கட்டையோடு நடப்பது, பக்கவாட்டில் படியேறுவது போல ஏறுவது, விழுந்து எழுவது, இரண்டு கட்டையின் நுனியையும் சேர்த்து வைத்து நிற்பது. முதல் நாளுக்கு இவ்வளவுதான். முக்கால் மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். அழுதால் கழற்றிவிடுங்கள். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு பெரியவர் சறுக்குவதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

மடியில் வைத்துக்கொண்டு ஸ்லெட்ஜில் சறுக்கலாம் அல்லவா?
— வாசகர், அலங்காநல்லூர்

மடியில் வேண்டாம். குழந்தையின் பாதம் பனியில் ஊன்றிக்கொள்ளும், பின்னாலிருந்து உங்கள் எடை தள்ளும், நடுவில் இருக்கிற எலும்பு முறியும். பூங்காச் சறுக்கு மரத்தில் மடியில் வைத்துச் சறுக்கும்போதும் இப்படித்தான் எலும்பு முறிகிறது. சமதளத்தில் இழுத்துப் போகச் சொல்லுங்கள். குழந்தை உங்கள் இரண்டு காலுக்கும் நடுவில், பாதம் பலகைக்குள் இருக்க வேண்டும். குதிரைத் தடமும் சறுக்குபவர்கள் வரும் வழியும் இல்லாத இடமாகப் பாருங்கள். கூலியையும் நேரத்தையும் ஏறும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

கூலிங் கிளாஸ் அவசியமா?
— வாசகி, சோழவந்தான்

அவசியம். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், உயரம் கூடக் கூட அந்தக் கதிரும் கூடும். யூவி 400 என்று குறித்த, பின்னால் எலாஸ்டிக் உள்ள கண்ணாடி வாங்குங்கள். பொம்மைக் கடைக் கறுப்புக் கண்ணாடி உதவாது. வெயில் கீழிருந்தும் வருவதால் சன் ஸ்கிரீனை மூக்கின் அடியிலும் தாடைக்குக் கீழும் தடவ வேண்டும். இது ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு. அதற்குக் குறைந்த பிள்ளையை வெயிலில் காட்டாதீர்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? மகள் இட்லி, பருப்பு சாதம் தவிர வேறு எதையும் தொட மாட்டாள்.
— வாசகி, செல்லூர்

காஷ்மீரில் அன்றாடச் சாப்பாடே சோறுதான், அதனால் பயம் வேண்டாம். வெறுஞ்சோறும் தயிரும் எங்கும் கிடைக்கும். ஆனால் குல்மார்க் உயரத்தில் தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு குக்கர் இல்லாமல் வேகாது. அறையில் வேகவைக்கப் பார்க்காமல் பருப்புப் பொடி, நெய், வறுத்த ரவை, அவல், சத்துமாவு கொண்டு போங்கள். கெட்டில் தண்ணீரில் கஞ்சி வரும். மின்சாரம் போகலாம், ஆகவே ஒரு லிட்டர் ஃபிளாஸ்கில் எப்போதும் வெந்நீர் இருக்கட்டும். தேங்காயெண்ணெய் அங்கே கல்லாகிவிடும். உதட்டுக்கும் கன்னத்துக்கும் வாசலின் டப்பா எடுத்துக்கொள்ளுங்கள்.

குளிரில் தாகம் தெரியாது. அரை மணிக்கு ஒருமுறை இளஞ்சூட்டில் நாலு வாய் குடிக்கக் கொடுங்கள். ஆறு மணி நேரமாக டயாப்பர் நனையவில்லை என்றால் தண்ணீர் போதவில்லை. முழு பாதாம், வால்நட்டைக் கையில் கொடுப்பார்கள், நாலு வயதுக்குள் தொண்டையில் அடைக்கும். பொடித்துத்தான் கொடுக்க வேண்டும்.

அறையில் ஹீட்டரை இரவு முழுதும் போட்டு வைக்கலாமா?
— வாசகர், அனுப்பானடி

மின்சார ஹீட்டர் என்றால் குழந்தைக்கு எட்டாத இடத்தில் போடலாம். கேஸ் ஹீட்டர், விறகு எரிக்கும் புகாரி, கரிச்சட்டியான காங்கிரி இவற்றை எரியவிட்டுத் தூங்கக் கூடாது. கதவு ஜன்னலை அடைத்த அறையில் கரிமோனாக்சைடு என்ற நச்சு வாயு சேரும். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று அறிகுறிகள் மலை உயரக் கோளாறு மாதிரியே இருப்பதால் ஏமாந்துவிடுவோம். வேறுபடுத்த ஒரு வழி உண்டு: அறையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்து, வெளியே போனதும் குறைந்தால் அது ஹீட்டரின் வேலை. உடனே எல்லோரையும் வெளியே கொண்டு போய், ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். பேட்டரியில் ஓடும் கரிமோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கிப் போவது நல்லது.

ஹீட்டரை ஒரு மணி நேரம் எரியவிட்டு, படுக்கும் முன் அணைத்து, ஜன்னலை இரண்டு விரற்கடை திறந்து வையுங்கள். எலக்ட்ரிக் பிளாங்கெட்டைப் படுக்கும் முன் போட்டு மெத்தையைச் சூடாக்கலாம். குழந்தை ஏறும்போது பிளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். ஒரு வயதுக்குள் உள்ள பிள்ளைக்குக் கனத்த ரஜாய் போர்த்தக் கூடாது, முகத்தை மூடிவிடும். உறங்கும் பை போதும்.

விரல் வெளுத்து மரத்துப் போனால் தேய்த்துவிடலாமா?
— வாசகி, தெப்பக்குளம்

தேய்க்கக் கூடாது, நெருப்பில் காட்டவும் கூடாது. மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும். உள்ளே கூட்டிப் போய் ஈர மிட்டனைக் கழற்றி, பிஞ்சு விரலை உங்கள் அக்குளில் வையுங்கள். அல்லது 37 முதல் 39 டிகிரி வெந்நீரில், உங்கள் முழங்கையை விட்டால் இதமாக இருக்கும் சூட்டில், அமிழ்த்துங்கள். சிவந்து, சுருக்கென்று வலித்து அழுதால் ரத்தம் திரும்புகிறது என்று அர்த்தம். அரை மணி நேரமாகியும் மெழுகு போல வெளுத்தே இருந்தாலோ கொப்புளம் வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். அன்றைக்கு மறுபடி பனியில் இறக்க வேண்டாம்.

விமானத்தில் காது வலிக்கு? போன் வேலை செய்யுமா?
— வாசகர், பரவை

இறங்கத் தொடங்கும்போது, தரை தொட அரை மணி நேரம் இருக்கையில், தூங்கும் குழந்தையை எழுப்பித் தாய்ப்பாலோ தண்ணீரோ கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது திறக்கும். ஜம்மு காஷ்மீரில் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது. வீட்டில் ஒருவராவது போஸ்ட்பெய்டுக்கு மாறிக்கொள்ளுங்கள். குளிரில் போன் பேட்டரி வேகமாக இறங்கும், போனை உள்சட்டைப் பையில் வையுங்கள். திரும்பும்போது ஸ்ரீநகர் விமான நிலையத்தில் சோதனை பல இடங்களில் உண்டு. மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். டயாப்பரும் பிஸ்கட்டும் கைப்பையில் இருக்கட்டும்.